நான்காம் பாக வாக்கெடுப்பு

ஜனவரி பதினொன்று, சனிக்கிழமை, மாலை ஆறு மணி. இடம்: முதுநிலை மாணவர் விடுதியில், ஆண்கள் கட்டடத்துக்கும் பெண்கள் கட்டடத்துக்கும் நடுவே தரைத்தளத்தில் இருக்கும் பொது அறை. நிகழ்வு: பன்னிரண்டு பாகங்கள் கொண்ட ஜப்பானிய அனிமே என்னும் கார்ட்டூன் தொடர் ஒன்றின் முதல் பாகம். தொடரின் பெயர்: ‘பக்கத்து அறைக்காரி என்னை வெறுக்கிறாள் என்று நினைத்திருந்தேன், ஆனால் அவள் வெறுப்பது என் குடையைத்தானாம்’. வகை: பள்ளி விடுதியில் நடக்கும் காதல் நகைச்சுவை. வந்தவர்கள்: பதினான்கு பேர். அவர்களுள் ரசிக்க வந்தவர்கள் பதின்மூன்று பேர். ஏமாற வந்தவர் ஒருவர்.

அந்த ஒருவரைப் பற்றியதே இக்கட்டுரை.

மனித குலத்தில் ஓர் உட்பிரிவு உண்டு. ‘ஏமாறக் காத்திருப்போர்’ என்று அதற்குப் பெயரிடலாம். இவர்களைச் சோகமானவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். நல்ல பசி உண்டு, நல்ல தூக்கம் உண்டு, ஒரு பொருள் மோசமாகத்தான் இருக்கிறது என்பது உறுதியாகும் கணத்தில் இவர்கள் முகத்தில் தோன்றும் மலர்ச்சி, பரிசு வாங்கிய குழந்தையின் முகத்திலும் தோன்றாது. புதிதாகத் திறந்த உணவகத்துக்கு முதல் நாளே போவார்கள், இரண்டாம் நாளும் போவார்கள், மூன்றாம் நாள் நம்மையும் கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்து, நாம் முதல் கவளத்தை வாயில் வைக்கும்போது, “முதல் நாள் இருந்த ருசி இல்ல, கவனிச்சியா?” என்பார்கள். நாம் முதல் நாள் போகவில்லை. எதை வைத்துக் கவனிப்பது? புதுச் செருப்பு வாங்கினால் கடையிலேயே ஒரு பெருமூச்சு. வீட்டுக்கு வந்து இன்னொன்று. மழை பெய்தால், பெய்யும் என்று சொன்ன அளவுக்குப் பெய்யவில்லை. வெயில் அடித்தால், போன வருடத்து வெயிலில் ஒரு நேர்மை இருந்தது.

இவர்களை ஒன்றும் செய்ய முடியாது. செய்து பார்த்தவர்கள் உண்டு. அந்த முயற்சியும் இவர்கள் எதிர்பார்த்த அளவுக்கு இல்லாமல் போயிற்று.

எங்கள் விடுதியில் இவ்வினத்தின் பிரதிநிதிக்கு ‘மூலக்கதை’ என்று பெயர். மண்ணியல் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறார். ஆய்வேட்டில் கடைசி இயல் ஒன்றுதான் பாக்கி. அது பாக்கியாகவே இருக்கிறது, ஏனென்றால் பரிசோதனையில் வந்த முடிவுகள் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. பட்டப்பெயருக்குக் காரணம் எளிது. எந்தத் தொடரைத் திரையிட்டாலும், அது எந்தப் படக்கதையிலிருந்து எடுக்கப்பட்டதோ அதை இவர் முன்பே படித்திருப்பார். தொடரின் முதல் காட்சியில், இன்னும் யாரும் வாய் திறவாதபோது, வானமும் ஒரு காகமும் மட்டும் திரையில் இருக்கும்போது, மூன்றாம் வரிசையிலிருந்து குரல் வரும்.

“மூலக்கதையில இப்படி இல்ல.”

காகம் அதிர்ந்து பறந்துவிடும்.

மூன்றாம் வரிசை என்றேன். இவ்வினத்தார் முதல் வரிசையில் உட்கார மாட்டார்கள். அங்கிருந்து விடும் பெருமூச்சு திரைக்கு மட்டும்தான் கேட்கும். கடைசி வரிசையிலும் உட்கார மாட்டார்கள். அங்கிருப்பவர்கள் ஏற்கெனவே கைபேசியில் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருப்பார்கள். நடுவில் உட்கார்ந்தால்தான் ஏமாற்றம் நாற்புறமும் சமமாகப் பரவும். மூலக்கதையின் இருக்கை, ஒரு பக்கக் கைப்பிடி உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி. வேறு நல்ல நாற்காலிகள் உண்டு. அவற்றில் சாய்ந்தால் குறை சொல்லத் தோன்றாது போலும்.

அந்த நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் எப்போதும் புள்ளியியல் அக்கா உட்காருவார். புள்ளியியலில் முதுகலை முடித்துவிட்டு அதே துறையில் தற்காலிக ஆய்வு உதவியாளராக இருந்தவர். சனிக்கிழமை தோறும் ஆறு மணிக்குப் பத்து நிமிடம் முன்னதாக வந்து, கைப்பிடி உடைந்த நாற்காலியின் மேல் தம் பையை வைத்து இடம் பிடிப்பார். யாருக்கு என்று யாரும் கேட்டதில்லை. பையில் ஒரு ஃபிளாஸ்க் இருக்கும், அதில் தேநீர் இருக்கும், கோப்பைகள் இரண்டு இருக்கும். மூலக்கதை வந்து உட்கார்ந்து, முதல் மிடறு குடித்துவிட்டுச் சொல்வார்:

“போன வாரம் இதைவிட நல்லா இருந்துச்சு.”

“போன வாரமும் இதையேதான் சொன்னீங்க” என்பார் அக்கா.

“அப்ப ஒவ்வொரு வாரமும் இறங்கிக்கிட்டே வருது.”

“வரைபடம் போட்டுப் பார்த்தேன். இந்தக் கணக்குப்படி நீங்க இப்ப குடிக்கிறது வெந்நீர்.”

மூலக்கதை முழுக்கோப்பையையும் குடித்து முடித்து, இன்னும் கொஞ்சம் இருக்கிறதா என்று கோப்பையை நீட்டுவார். இரண்டு ஆண்டுகளாக இப்படித்தான். விடுதியில் இதை அறியாதவர் ஒருவர்தான் உண்டு. அவர் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருப்பார்.

இப்போது தொடருக்கு வருவோம். அதன் பெயரைப் படித்துவிட்டுக் கதைச்சுருக்கம் என்று சிலர் நினைத்தார்கள். பெயர்தான். ஆனால் பன்னிரண்டு பாகங்களையும் பார்த்தபின் தெரியவந்தது, கதையும் அவ்வளவுதான். ஒரு பள்ளி விடுதி. அதில் ஒரு பையன், பக்கத்து அறையில் ஒரு பெண், நடுவில் மெல்லிய சுவர். அவனிடம் ஒரு குடை. அவளுக்கு அவனைப் பிடிக்கும். அவனுக்கு அவளைப் பிடிக்கும். பார்க்கிற நமக்குத் தெரியும், விடுதிப் பூனைக்குத் தெரியும், தொடக்கப் பாடலை எழுதியவருக்குக்கூடத் தெரியும். அவர்கள் இருவரும் மட்டும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டும். அவ்வளவே.

அந்த விடுதியில் மொத்தம் ஏழு பேர் வசிக்கிறார்கள், குளியலறைகள் எட்டு. நாயகி தலைமுடியை ஒதுக்கும் நேரம் பார்த்து ஜன்னலில் வெயில் விழுகிறது. எங்கள் விடுதியில் ஒரு தளத்துக்கு நான்கு குழாய்கள். அவற்றில் ஒன்று மூடினாலும் ஒழுகும், இன்னொன்று திறந்தாலும் ஒழுகாது. கொடியில் காயும் ஈரத் துண்டுகளுக்கு நடுவே தலையைக் குனிந்துதான் யாரும் யாரையும் சந்திக்க முடியும். இந்த வேறுபாட்டைப் பொறுத்துக்கொண்டு முதல் பாகத்தை நாங்கள் ரசித்தோம் என்பதைப் பதிவு செய்கிறேன். திரையில் ஒரு குழாய் நுனியில் நீர்த்துளி தொங்கி, அதற்குள் மொத்த அறையும் தலைகீழாகத் தெரிந்து, பிறகு துளி விழுந்தது. புள்ளியியல் அக்கா, “அழகு” என்றார்.

“இதுதான் பயமா இருக்கு” என்றார் மூலக்கதை. “ஆரம்பம் நல்லா இருந்தா முடிவு நாசமாப் போகும்.”

இவ்வினத்தை அறிய விரும்புகிறவர்கள் இந்த வாக்கியத்தை அடிக்கோடிட்டுக்கொள்ளலாம்.

இரண்டாம் பாகத்தில் நாயகன் உண்மையைச் சொல்ல வாய் திறந்தான், இடி இடித்தது. மூன்றாம் பாகத்தில் மறுபடியும் வாய் திறந்தான். எங்கிருந்தோ ஒரு கால்பந்து வந்து மண்டையில் விழுந்தது. நான்காம் பாகத்தில் எல்லோரும் காரணமின்றிக் கடற்கரைக்குப் போனார்கள். கூட்டம் பதினொன்றாகக் குறைந்தது. மூலக்கதையின் பெருமூச்சுகளோ பெருகின. அவற்றில் வகைகள் இருந்தன: மூக்கு வழியாக மட்டும் வருவது, தலையாட்டலுடன் வருவது, “ச்ச” என்று முடிவது, இரு கைகளையும் விரித்து வானத்தையே சாட்சிக்கு அழைப்பது. நாயகன் கடல் மணலில் குடையை நட்டபோது நான்கும் ஒரே சமயத்தில் வந்தன.

“எவ்வளவு எதிர்பார்த்தேன்!” என்றார். “குடைன்னா என்ன தெரியுமா? மூலக்கதையில அந்தக் குடைக்கு ஒரு மனசு இருக்கும்!”

“அப்ப மூலக்கதை நல்லா இருக்குமாண்ணா?” என்று கேட்டான் வக்கீல். சட்டம் படிக்கும் மாணவன். பெயர் அதனால் வந்தது.

“அதுவும் மூணாவது தொகுதிக்கு மேல ஏமாத்திடுச்சு.”

“மொத்தம் எத்தனை தொகுதி?”

“இதுவரைக்கும் பதினாலு.”

“எத்தனை படிச்சீங்க?”

“பதினாலும்தான். முடிக்காம எப்படிக் குறை சொல்றது?”

நான்காம் பாகம் முடிந்ததும் எங்கள் பொது அறையில் ஒரு வழக்கம் உண்டு. அதைச் சொல்லாமல் மேலே செல்ல முடியாது. ஒரு தொடர் பிடிக்கவில்லையென்றால் நிறுத்துவதா தொடர்வதா என்று வாரந்தோறும் ரிமோட்டுக்கு அடிதடி நடந்த காலம் ஒன்று இருந்தது. அதன் பிறகு வக்கீல் ஒரு விதி எழுதினான். நான்காம் பாகம் முடிந்ததும் பொது அறைச் செயலாளர், அதாவது இக்கட்டுரையாளர், இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். ‘நிறுத்தலாம் என்பவர்கள்?’ ‘தொடரலாம் என்பவர்கள்?’ கைகளை எண்ண வேண்டும். ஆனால் இதில் பெரும்பான்மைக்கு இடமில்லை. தொடரலாம் என்று ஒரே ஒரு கை உயர்ந்தாலும் தொடர் தொடரும். நாலாம் பாகத்துக்குப் பிறகும் எப்போது வேண்டுமானாலும் யார் வேண்டுமானாலும் இந்த வாக்கெடுப்பைக் கேட்கலாம். அப்போதும் அதே ஒரு கைக் கணக்குதான். எல்லோரும் கேலி செய்த தொடர் ஒன்றை ஒரு முதலாண்டு மாணவி மட்டும் உயிராக நேசித்து, அது நிறுத்தப்பட்டபோது அழுதுவிட்டதால் வந்த ஏற்பாடு இது. ஒருவருடைய மகிழ்ச்சியைப் பத்துப் பேர் சேர்ந்து அணைத்துவிடக் கூடாது என்பது விதியின் கருத்து. உயர்ந்த கருத்து. அதை எழுதியபோது வக்கீல் எல்லாவற்றையும் யோசித்திருந்தான், மூலக்கதையைத் தவிர.

பிப்ரவரி ஒன்று. ‘நிறுத்தலாம் என்பவர்கள்?’ என்று கேட்டேன். ஒன்பது கைகள் உயர்ந்தன. புள்ளியியல் அக்கா உயர்த்தவில்லை. பக்கத்து நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோருமே பக்கத்து நாற்காலியைத்தான் பார்த்தோம். நான்கு வாரமாக அந்தத் தொடரை நாறடித்த மனிதரின் கை மடியிலேயே கிடந்தது.

‘தொடரலாம் என்பவர்கள்?’

கை விறைப்பாக, ஐயத்துக்கு இடமின்றி, மின்விசிறியைத் தொடும் ஆவலோடு உயர்ந்தது.

“அண்ணா!” என்று எழுந்தேவிட்டான் வக்கீல். “இவ்வளவு திட்டினீங்களே!”

“திட்டினேன்.”

“அப்புறம்?”

“நிறுத்தச் சொன்னேனா?”

“பிடிக்கலன்னுதானே திட்டினீங்க?”

“பிடிக்கலதான். அதுக்காகப் பாதியில விட முடியுமா? இன்னும் எவ்வளவு மோசமாப் போகும்னு தெரியாம எனக்குத் தூக்கம் வருமா?”

அக்கா சிரித்தார். சிரித்துக்கொண்டே தாமும் கையை உயர்த்தினார். தொடருக்காக அல்ல என்பது எங்களுக்குத் தெரிந்தது. இரண்டு கைகள். ஒன்றே போதும் என்னுமிடத்தில் இரண்டு. தொடர் தொடர்ந்தது.

அடுத்த வாரங்களின் நிகழ்வுகளை விரிவாக எழுதி வாசகரைத் தண்டிக்க விருப்பமில்லை. ஐந்தாம் பாகத்தில் நாயகனுக்குக் காய்ச்சல். நாயகி நெற்றியில் ஈரத்துணி போட்டாள். அவன் காய்ச்சல் வேகத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான், ஆனால் பூனையிடம். ஆறாம் பாகத்தில் இருவரும் பண்டக அறையில் மாட்டிக்கொண்டார்கள். கதவு திறந்தே இருந்தது என்று கடைசியில் தெரிந்தது. எட்டாம் பாகம் முழுவதும் முதல் ஏழு பாகங்களின் காட்சிகளையே வெட்டி ஒட்டியிருந்தார்கள். கூட்டம் ஆறு பேரானது. மூலக்கதை மட்டும் உருகிவிட்டார்.

“பாருங்க, அந்தக் கடற்கரை!” என்றார். “மணல்ல குடையை நட்டு வைக்கிறானே, அதுல என்ன ஒரு நுட்பம்! அப்பல்லாம் எவ்வளவு அக்கறையா எடுத்தாங்க!”

“இதே சீனுக்குத்தான் அன்னிக்குக் கழட்டி அடிக்கச் செருப்பத் தேடினீங்க” என்றான் வக்கீல்.

“அப்ப இவ்வளவு மோசமாகும்னு தெரியலையேடா!”

கவனியுங்கள். இவ்வினத்துக்குப் பொற்காலம் என்று ஒன்று உண்டு. தாம் ஒரு மாதத்துக்கு முன் திட்டியது எதுவோ, அதுவே பொற்காலம். நிகழ்காலத்தில் இவர்களுக்கு எதுவும் பிடித்ததாக வரலாறு இல்லை. எது கைவிட்டுப் போகிறதோ அது போன கணத்திலிருந்து பிடிக்கத் தொடங்குகிறது. ஆகவே இவர்களுக்குப் பிடித்தமானவராக ஆவதற்கு ஒரே வழிதான் உண்டு. கிளம்பிப் போய்விட வேண்டும்.

பத்தாம் பாகத்தன்று புள்ளியியல் அக்கா தேநீர் ஊற்றிக்கொண்டே செய்தியைச் சொன்னார். வேறொரு நகரத்தில், ஒரு பெரிய ஆராய்ச்சி நிறுவனத்தில் நிரந்தர வேலை கிடைத்துவிட்டது. ஏப்ரல் முதல் தேதி சேர வேண்டும். மார்ச் முப்பது, ஞாயிறு காலை ரயில். அதாவது கடைசிப் பாகத்துக்கு மறுநாள்.

எல்லோரும் வாழ்த்தினோம். அக்கா எங்களுக்கெல்லாம் நன்றி சொன்னார். ஆனால் காத்திருந்தது ஒரு குரலுக்குத்தான். போகாதே என்று சொல்லும் குரல் அவருக்குத் தேவையில்லை. அந்த வேலைக்காக அவர் இரண்டு ஆண்டுகள் உழைத்திருந்தார், போகத்தான் போகிறார். ரயிலேறுமுன் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். கைப்பிடி உடைந்த நாற்காலியோடு தமக்கு இருப்பது இரண்டாண்டுப் பழக்கமா, வேறு ஏதாவதா?

மூலக்கதை கோப்பையைக் கீழே வைத்தார். தொண்டையைச் செருமினார். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.

“அந்த ஊரா?” என்றார். “நான் ஒரு தடவ போயிருக்கேன். எதிர்பார்த்த அளவுக்கு இல்ல.”

வக்கீல் தன் தலையைத் தானே அறைந்துகொண்ட ஓசை முதல் வரிசை வரை கேட்டது.

இங்கே ஒரு கேள்வி எழும். இம்மனிதருக்கு உணர்ச்சியே கிடையாதா? ஏன் கிடையாது? அன்றைய பாகத்தில் நாயகி விடுதியை விட்டுப் போகப்போவதாகச் சொல்கிறாள், நாயகன் “அப்படியா, அங்கே மழை அதிகமாமே” என்கிறான். அதைக் கண்டு மூலக்கதை கொதித்த கொதிப்பை நேரில் பார்த்தவர்கள் நாங்கள். “மழையாம்! மழையப் பத்திப் பேசற நேரமாடா இது? மடையா! அவ முகத்தப் பாருடா!” என்று திரையை நோக்கிக் கத்தினார். கண் கலங்கியிருந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த முகம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அதில் படம் ஓடவில்லை. ஆகையால் அவர் பார்க்கவில்லை.

மார்ச் இருபத்தொன்பது, சனிக்கிழமை. கடைசிப் பாகம். அக்காவுக்கு விடைகொடுப்பதற்காகப் பழைய பதினான்கு பேரும் வந்திருந்தோம். தொடரில் ரயில் நிலையம் வந்தது. நாயகி நடைமேடையில் நின்றாள். நாயகன் குடையோடு ஓடி வந்தான். மூச்சு வாங்கினான். நிமிர்ந்தான். வாய் திறந்தான். நேர் எதிரே விரைவு ரயில் ஒன்று தடதடவென்று கடந்தது, அவன் உதடுகள் அசைந்தன, ஒரு சொல்லும் கேட்கவில்லை, ரயில் போனதும் நாயகி, “என்ன சொன்னே?” என்றாள், அவன், “ஒண்ணுமில்ல, குடைய வச்சுக்கோ” என்றான். திரை இருண்டது. இரண்டாம் பருவம் விரைவில் வரும் என்று எழுத்து வந்தது.

மூலக்கதை எழுந்தார். இவ்வினத்தார் உட்கார்ந்தே குறை சொல்வார்கள். எழுந்தால் அது பிரகடனம்.

“இதுக்கா பன்னெண்டு வாரம்?” என்று தொடங்கினார். “ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை! நாக்குல என்ன பூட்டா போட்டிருக்கு? இடி இடிச்சுதாம், பந்து விழுந்துதாம், ரயில் போச்சாம். ரயில் போனா என்னடா, அது போனப்புறம் சொல்லு! அவ அங்கயேதான நிக்கிறா! எனக்குத் தெரியும், இது வெறும் பயம். சொல்லி, அது நல்லா நடந்து, அப்புறம் நாளைக்கு அது கெட்டுப்போயிட்டா என்ன பண்றதுங்கற பயம். அதனால சொல்லாமலே வச்சுக்கறான். அந்தப் பொண்ணு எவ்வளவு காலம்தான் நிப்பா? சொல்லுங்க, எவ்வளவு காலம் நிப்பா?”

புள்ளியியல் அக்கா ஃபிளாஸ்கைக் கையில் வைத்துக்கொண்டு, அவருக்கு ஒரு முழத் தூரத்தில், நின்றுகொண்டிருந்தார்.

“மூலக்கதையில சொல்லிடறானா?” என்று கேட்டார்.

“மூலக்கதை பதினாலாம் தொகுதியோட நிக்குது. இன்னும் முடியல.”

“ஓஹோ.”

மற்றவர்கள் ஒருவர்பின் ஒருவராகக் கொட்டாவி விட்டுக்கொண்டு வெளியேறினார்கள். மாலை ஆறரை மணிக்கு அத்தனை பேருக்கும் தூக்கம் வந்தது இயற்கையானதன்று. நாற்காலிகளை அடுக்கி அறையைப் பூட்ட வேண்டியவன் என்பதால் நான் மட்டும் போக முடியவில்லை. ஓசைப்படாமல் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

“செயலாளரே” என்றார் அக்கா. “ஒரு வாக்கெடுப்பு வேணும்.”

“தொடர்தான் முடிஞ்சுபோச்சேக்கா.”

“அந்தத் தொடர் இல்ல. இது வேற. ரெண்டு வருஷமா சனிக்கிழமை சனிக்கிழமை ஓடிட்டிருக்கு. ஆரம்பம் நல்லாத்தான் இருந்துச்சு. நடுவுல கத நகரவே இல்ல. நாயகன் ஒவ்வொரு வாரமும் வாயத் திறக்கறான், தேநீரப் பத்திச் சொல்லிட்டு மூடிக்கறான். நாலாம் பாகம் எப்பவோ தாண்டியாச்சு. நாளைக்குக் காலையில ரயில். நிறுத்தறதா, தொடர்றதான்னு இப்பவே கேட்டுடுங்க.”

கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தேன். மூலக்கதையின் முகத்தில், வாழ்க்கையில் முதன்முறையாக, கருத்து எதுவும் இல்லை.

“இது... கொஞ்சம் திடீர்னு இருக்கே” என்றார். “இந்த மாதிரிக் காட்சிக்கு ஒரு முன்னேற்பாடு வேணும். இப்படி அறையில, நாற்காலி அடுக்கற எடத்துல...”

“விமர்சனம் அப்புறம். முதல்ல ஓட்டு.”

விதிப்படி நடந்துகொண்டேன். நிறுத்தலாம் என்பவர்கள், என்று கேட்டேன். ஒரு கையும் உயரவில்லை. மூலக்கதை தம் இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுகப் பிடித்துக்கொண்டார், அவை தாமாக எழுந்துவிடுமோ என்று அஞ்சியவர் போல.

தொடரலாம் என்பவர்கள், என்று கேட்டேன்.

அக்காவின் கை நேராக உயர்ந்தது. மறுகையில் ஃபிளாஸ்க்.

மூலக்கதையின் வலக்கை முதுகிலிருந்து வெளியே வந்தது. இடுப்பைத் தாண்டியது. நெஞ்சைத் தாண்டியது. காதருகே வந்து நின்று, காதைச் சொறிந்தது. குடைத் தொடருக்காக மின்விசிறியைத் தொடப் பார்த்த அதே கைதான். அன்று அதற்கு அச்சமில்லை; கெட்டுப்போன பொருளுக்கு வாக்களிப்பதில் என்ன ஆபத்து? அது இனி ஏமாற்ற முடியாது. நன்றாக இருக்கக்கூடிய ஒன்று எதிரே வந்து நின்று பெயர் சொல்லிக் கேட்கும்போதுதான் இவ்வினத்தின் தோள்மூட்டு வேலை செய்வதில்லை.

“அக்கா, காது வரைக்கும் வந்த கையை எப்படி எழுதறது?” என்றேன்.

“தோளத் தாண்டி முழங்கை நீட்டினாத்தான் கை!” என்று கதவுக்குப் பின்னாலிருந்து வக்கீலின் குரல் கேட்டது. அவனுக்குப் பின்னால் பன்னிரண்டு செருப்புகளாவது அசையும் ஓசையும் கேட்டது. “விதி மூணு! அண்ணா, முழங்கைய நீட்டுங்கண்ணா!”

அண்ணா நீட்டவில்லை. கை அங்கேயே இருந்தது, காது சிவந்துகொண்டிருந்தது. புள்ளியியல் அக்கா தம் கையை இறக்கி, மிச்சமிருந்த தேநீரை ஒரு கோப்பையில் ஊற்றி நீட்டினார். மூலக்கதை வாங்கிக் குடித்தார். கடைசிச் சொட்டு வரை குடித்தார். ஆறிப்போயிருந்தது என்பதை ஆவியில்லாததிலிருந்து நானே அறிந்தேன். போன வாரத்துத் தேநீரைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

“எழுதிட்டீங்களா?” என்றார் அக்கா என்னிடம்.

“எழுதிடறேன்க்கா.”

“விதிப்படி எழுதுங்க.” பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். கோப்பை இரண்டில் ஒன்றை மட்டும் பையில் வைத்துக்கொண்டு போனார். மற்றொன்று மூலக்கதையின் கையிலேயே இருந்தது.

வாசகரே, இவரைக் கண்டு நீங்கள் சிரித்திருப்பீர்கள். உங்கள் அலுவலகத்திலும் குடும்பத்திலும் இப்படி ஒருவர் இருப்பதை நினைத்து, இதை அவருக்கு அனுப்பலாமா என்றும் யோசித்திருப்பீர்கள். அனுப்புவதற்கு முன் ஒரு சிறு சோதனை. ‘தொடக்கம் நன்றாக இருந்தது, நடுவில் குடையும் பூனையுமாக இழுத்துவிட்டார்கள், முடிவு இன்னும் கொஞ்சம் அழுத்தமாக வந்திருக்கலாம், இதைவிட நன்றாக எதிர்பார்த்தேன்’ என்று இக்கட்டுரையைப் பற்றி இவ்வளவு நேரமாக மனத்துக்குள் சொல்லிக்கொண்டிருந்தீர்களா? சொல்லிக்கொண்டே கடைசி வரிக்கும் வந்துவிட்டீர்களா? அப்படியானால் சனிக்கிழமை ஆறு மணிக்கு வாருங்கள். மூன்றாம் வரிசையில் இடமிருக்கிறது. பக்கத்து நாற்காலியில் யாராவது பை வைத்திருந்தால், தயவுசெய்து முதலில் அந்தப் பக்கம் திரும்பிப் பாருங்கள்.

மார்ச் இருபத்தொன்பதாம் தேதி வாக்கெடுப்பின் முடிவு: நிறுத்தலாம், எவருமில்லை. தொடரலாம், ஒருவர். வாக்களிக்காதவர், ஒருவர்.